உப்பளத்தில் அளந்த அலை

நில அளவை வேலையில் இருப்பவனுக்கு இரண்டே மனநிலைதான்: ஃபிக்ஸ், ஃப்ளோட். கையில் இருக்கும் ரோவர் என்ற ஜிபிஎஸ் கருவியின் திரையில் ‘ஃபிக்ஸ்’ என்று இருந்தால், நான் நிற்கும் இடம் இரண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் பிடிபட்டுவிட்டது என்று பொருள். ‘ஃப்ளோட்’ என்று மாறிவிட்டால் அதே இடம் அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று ஆட ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எடுத்த புள்ளியை நம்பி வேலிக்கல் ஊன்றினால் பக்கத்து நிலத்துக்காரர் சும்மா விடமாட்டார்.

2014 மார்ச் மாதம். தூத்துக்குடிக்குத் தெற்கே முள்ளக்காடு பக்கம் உப்பள எல்லைகளை அளந்துகொண்டிருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு உப்பளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் மேலிருந்து மட்டும் வராது, பாத்தியிலிருந்தும் வரும். அதனால் விடிகாலையில் பாதி வேலை, நான்கு மணிக்கு மேல் மீதி என்று பிரித்துக்கொண்டோம். முடிக்கவேண்டிய தேதி நெருங்க நெருங்க, மாலை வேலை டார்ச் வெளிச்சத்தில் ஒன்பது, பத்து மணி வரை நீண்டது.

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. ஆறரை மணிக்கு சூரியன் மறையும். ஏழு மணி வரை கருவி ஒழுங்காக வேலை செய்யும். 7:40க்கு ஃப்ளோட். தலைக்கு மேல் ஒரு மரம் கிடையாது, கட்டடம் கிடையாது, அடிவானம் வரை திறந்த வானம். இருந்தும் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக நழுவும். 8:05க்குத் தானாக ஃபிக்ஸ் ஆகிவிடும். 8:40க்கு மறுபடி ஃப்ளோட், 9:05க்குத் திரும்பிவிடும், 9:40 வாக்கில் இன்னொரு தடவை.

பேட்டரியை மாற்றினேன். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் துணைக் கருவியான பேஸின் ஆன்டெனாவை இன்னும் உயரத்தில் கட்டினேன். கருவி விற்ற நிறுவனத்துக்கு போன் போட்டால் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், புதுப்பித்த பிறகும் அப்படியேதான் இருந்தது என்றதும், “நீங்கள் ஏன் சார் ராத்திரியில் அளக்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். கோபம் வந்தது. அவர்களை அறியாமல் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது.

எனக்குக் கம்பு பிடிக்க வந்திருந்த அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நான் கேபிளைக் கழற்றி மாட்டுவதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, கீழ தேடாதீக. மேல என்னமோ ஓடுது” என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் எந்த நேரத்தில் ஃபிக்ஸ் போனது, எப்போது திரும்பியது என்பதை மட்டும் களக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன். யார் மீதாவது புகார் எழுத உதவும் என்ற நினைப்புதான்.

அந்தக் குறிப்பேடு மூன்று வருடம் கழித்துத்தான் உருப்படியாகப் பயன்பட்டது.

நமக்கு மேலே 80 கிலோமீட்டருக்கு அப்பால் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போடுகின்றன. அதுதான் அயனி மண்டலம். எலக்ட்ரான்கள் அதிகம் குவிந்திருப்பது 300 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி. எஃப் அடுக்கு என்பார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை இந்த எலக்ட்ரான் கூட்டத்துக்குள் நுழைந்துதான் நம்மிடம் வரவேண்டும். வரும்போது கொஞ்சம் தாமதமாகும். ஒரு சதுர மீட்டர் குறுக்களவுள்ள குழாய் ஒன்றைத் தரையிலிருந்து செயற்கைக்கோள் வரை நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒன்றுக்குப் பின் பதினாறு சுழியம் போட்ட எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் இருந்தால் அது ஓர் அலகு. ஓர் அலகுக்கு ஜிபிஎஸ் அளவு 16 சென்டிமீட்டர் பிசகும். நம் ஊர் நண்பகலில் ஐம்பது அலகு, சூரியன் கொதிக்கும் ஆண்டுகளில் நூறு அலகு வரைகூடப் போகும். கணக்குப் போட்டால் எட்டு முதல் பதினாறு மீட்டர். இதைச் சரிக்கட்டத்தான் எங்கள் கருவிகள் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளைக் கேட்கின்றன. இரண்டும் வெவ்வேறு அளவு தாமதமாகும். வித்தியாசத்தை வைத்து எலக்ட்ரான் கணக்கை எடுத்துக் கழித்துவிடலாம்.

இது எலக்ட்ரான் கூட்டம் சீராகப் பரந்திருக்கும் வரை சரி. அந்தியில் அது சீராக இருப்பதில்லை.

பூமியின் காந்தப்புலம் தரைக்குப் படுக்கையாக ஓடும் இடங்களை இணைத்தால் வரும் கோடு காந்த நடுக்கோடு. இந்தியாவில் அது நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். திருநெல்வேலி, தூத்துக்குடி எல்லாம் கிட்டத்தட்ட அதன் காலடியில் இருக்கின்றன. இந்தக் கோட்டின் மேலே சூரியன் மறையும் நேரத்தில் ஒரு வினோதம் நடக்கும். கீழடுக்குகளில் எலக்ட்ரான்கள் வேகமாக அணுக்களோடு சேர்ந்து காணாமல் போய்விடும். மேலே எஃப் அடுக்கு மட்டும் மிஞ்சும். போதாததற்கு அந்த நேரத்து மின்புலம் அதை இன்னும் மேலே தூக்கிவிடும். கனமான அடுக்கு மேலே, காலியான இடம் கீழே.

பள்ளிக்கூடத்தில் ஒரு வித்தை காட்டுவார்கள். டம்ளர் நிறையத் தண்ணீர், வாயில் ஓர் அட்டை, கவிழ்த்தால் தண்ணீர் விழாது. அட்டை தண்ணீரின் பரப்பைத் தட்டையாகப் பிடித்து வைத்திருக்கிறது. அட்டையை எடுத்துவிட்டால்? பரப்பில் ஏதாவது ஒரு சிறு நெளிவு விழும், அந்த நெளிவு வழியாகக் காற்று உள்ளே ஏறும், தண்ணீர் கொட்டிவிடும். அந்தி நேரத்து எஃப் அடுக்கு அட்டை இல்லாத டம்ளர். அதன் அடிப்பரப்பில் நெளிவு விழுந்த இடத்தில், எலக்ட்ரான் மிகக் குறைந்த பகுதி குமிழியாகக் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே போகும். பிளாஸ்மா குமிழி என்று பெயர். அதன் விளிம்புகள் கந்தலாக இருக்கும். ரேடியோ அலை அதற்குள் புகுந்து வரும்போது நட்சத்திரம் கண்சிமிட்டுவதுபோல் சிமிட்டும். கருவி அந்தச் சிமிட்டலைத் தாங்காமல் செயற்கைக்கோளை விட்டுவிடும். முள்ளக்காட்டில் நான் பார்த்தது இதைத்தான்.

இதை முதலில் கண்டவர்களுக்கு ஜிபிஎஸ் தெரியாது. பெரு நாட்டில் உவன்காயோ என்ற மலையூர் காந்த நடுக்கோட்டில் இருக்கிறது. அங்கே மேலே ரேடியோ துடிப்பை அனுப்பி எதிரொலியை வாங்கிக்கொண்டிருந்த புக்கரும் வெல்ஸும், இரவில் எதிரொலி ஒரு கோடாக வராமல் மை கொட்டியதுபோல் பரவி வருவதை 1938இல் எழுதினார்கள். குமிழி மேலே ஏறுவது 1970களில்தான், லிமாவுக்குப் பக்கத்தில் உள்ள ஹிக்கமார்க்கா ரேடாரில், படமாகத் தெரிந்தது.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. குமிழி வருவதற்கு நெளிவு வேண்டும். அந்த நெளிவை யார் போட்டார்கள்? பசிபிக்கில் குவாஜலீன் தீவில் ஆல்டேர் என்று ஒரு பெரிய ரேடார் உண்டு. ரோலண்ட் சுனோடா என்ற ஆய்வாளரும் குழுவினரும் அதைக் கிழக்கு மேற்காகத் திருப்பித் திருப்பி எஃப் அடுக்கின் அடிப்பரப்பைத் தடவிப் பார்த்தார்கள். பரப்பு தட்டையாக இல்லை. மேடும் பள்ளமுமாக, ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் இடைவெளியில், அலையடித்துக் கிடந்தது. மேடுகளிலிருந்துதான் குமிழிகள் கிளம்பின. பெரும்பரப்பு அலைவடிவம் என்று இதைச் சொல்கிறார்கள். பிறகு பல இடங்களில் பார்த்ததில் சில நூறு கிலோமீட்டர்கள் என்ற அளவிலேயே இந்த இடைவெளி வருகிறது.

இதைப் படித்த இரவு எழுந்துபோய்ப் பழைய குறிப்பேட்டைத் தேடினேன். 7:40, 8:40, 9:40. மணிக்கு ஒன்று. இந்தக் குமிழிகள் இரவில் கிழக்கு நோக்கி நொடிக்கு நூறு, நூற்றைம்பது மீட்டர் வேகத்தில் நகரும். நடுவாக 120 என்று வைத்து 3,600 நொடியால் பெருக்கினேன். 432 கிலோமீட்டர். ஓர் உப்பளத்து வரப்பில் நின்று, திட்டிக்கொண்டே, வானத்தில் ஓர் அலையின் நீளத்தை அளந்திருக்கிறேன். நிபுணர் யாராவது இந்தக் கணக்கைப் பார்த்தால் நான்கு ஓட்டை சொல்வார்; ஒரே கருவி, சில மாலைகள், ஊகித்த வேகம். சொல்லட்டும். என் தொழிலில் இவ்வளவு பெரிய நீளத்தை இதற்கு முன்பும் அளந்ததில்லை, பின்பும் அளந்ததில்லை.

சரி, நெளிவு எங்கிருந்து வருகிறது? ஒரு முக்கியமான பதில் கீழிருந்து என்பது.

இங்கே ஒரு பெயர்ச் சிக்கல். காற்றின் ஒரு துண்டை மேலே தள்ளினால் அது கனத்தால் கீழே வரும், வந்த வேகத்தில் தன் இடத்தைத் தாண்டும், மிதப்பு விசை மறுபடி மேலே தள்ளும். கிணற்றில் வாளியை அமிழ்த்திவிட்டால் எகிறுவதுபோல. இப்படி எழும் அலைக்குத் தமிழில் ஈர்ப்பு அலை என்று எழுதினால், கருந்துளைகள் மோதி வரும் அந்த ஈர்ப்பு அலையோடு குழம்பிவிடும். ஆங்கிலத்தில் விகுதியை மாற்றித் தப்பிக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நான் மிதப்பலை என்றே சொல்லிவிடுகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலைமீது காற்று ஏறி இறங்கினாலும், இடிமேகம் பொங்கினாலும் மிதப்பலை பிறக்கும். தரையில் அதை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. அலை சுமக்கும் ஆற்றல் அதேதான், சுமந்துபோக வேண்டிய காற்று மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. எனவே வீச்சு கூடியாகவேண்டும். இருபது லட்சத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,400. கீழே ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் மேலே பதினான்கு மீட்டர் ஆட்டமாகிவிடும். நிஜத்தில் பல அலைகள் வழியிலேயே கரையில் நொறுங்குவதுபோல நொறுங்கிவிடுகின்றன. நொறுங்காமல் போனவை அயனி மண்டலத்தை உலுக்குகின்றன. அங்கே அலை அலையாக ஏதோ நகர்கிறது என்பதை சிட்னியில் மன்ரோ 1940களிலேயே பதிவு செய்துவிட்டார். அது மிதப்பலைதான் என்று காலின் ஹைன்ஸ் 1960இல் கணக்கோடு எழுதினார்.

நான் அதுவரை நினைத்திருந்தது வேறு. மேலே எது கெட்டாலும் சூரியன்தான் காரணம் என்றே எங்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருந்தார்கள். அதுவும் பொய்யில்லை. சூரியப் புயல் வந்தால் இரண்டு துருவங்களிலும் மேல்காற்று திடீரென்று சூடாகிப் பொங்கும். அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளத்தில், நொடிக்கு 400 முதல் 1,000 மீட்டர் வேகத்தில், பேரலைகள் நடுக்கோட்டை நோக்கி வரும். துருவ ஒளி விழும் இடத்திலிருந்து நம் தலைமேல் வர மூன்று, நான்கு மணி நேரம் போதும். 2024 மே 10 இரவு வந்த புயல் அப்படிப்பட்டது. லடாக்கில் ஹான்லே வானம் சிவந்ததைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அது விதைப்புக் காலம். ஜிபிஎஸ் பார்த்து ஓடும் டிராக்டர்கள் வரிசை தப்பி நின்றுபோயின. அந்த விவசாயிகளின் கோபம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆனாலும் கீழிருந்து வருவதுதான் என்னை அதிகம் ஈர்த்தது. அதற்கு ஒரு நாள் உண்டு. 2022 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்.

நம் நேரப்படி காலை ஒன்பதே முக்கால் இருக்கும். டோங்கா தீவுகளுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் இருந்த ஹுங்கா எரிமலை வெடித்தது. புகை 57 கிலோமீட்டர் உயரம் போனது. வெடிப்பின் அழுத்த அலை தரையை ஒட்டியபடி ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, நொடிக்கு 315 மீட்டர் வாக்கில் எல்லாத் திசையிலும் விரிந்து, பூமியைச் சுற்றிவிட்டு மறுபடி சுற்றியது. லாம் அலை என்று இதற்குப் பெயர். டோங்காவிலிருந்து நெல்லை 12,000 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதாவது அன்று இரவு எட்டரை வாக்கில் அது நம்மைத் தாண்டிப் போயிருக்கிறது. சென்னை வானிலை ஆர்வலர்கள் அன்றிரவே காற்றழுத்த வரைபடங்களைப் பகிர்ந்தார்கள். சீராகப் போகும் கோட்டில் ஒரே ஒரு துள்ளல்.

எட்டரைக்கு நான் பாளையங்கோட்டையில், அத்தை வீட்டு மொட்டை மாடியில் இருந்தேன். மறுநாள் ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் காணும் பொங்கலுக்கு எங்கும் போகமுடியாத வருத்தத்தில் பிள்ளைகள் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். உலகத்தையே சுற்றிக்கொண்டிருந்த ஓர் அலை எங்கள் எல்லோர் வழியாகவும் போனது, காதுகூட அடைக்கவில்லை.

மேலே அப்படி இல்லை. ஜப்பானில் செயற்கைக்கோள் சமிக்ஞைகளை வைத்து அயனி மண்டலத்தைக் கண்காணிப்பவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். அழுத்த அலை ஜப்பானுக்கு வந்துசேர ஏறத்தாழ மூன்று மணி நேரம் இருக்கும்போதே அவர்கள் தலைக்கு மேல் எலக்ட்ரான்கள் ஆடத் தொடங்கிவிட்டன. தாவிப் பாய்ந்து வந்ததா என்றால், இல்லை. அந்த நேரத்தில் அலை ஆஸ்திரேலியாவைக் கடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் வானத்தையும் ஜப்பானின் வானத்தையும் பூமியின் ஒரே காந்தக் கோடுகள் வில்போல் வளைந்து இணைக்கின்றன. ஒரு முனையில் காற்று எலக்ட்ரான்களை ஆட்டியதும் மின்புலம் அந்தக் கோடு வழியே மறுமுனைக்குப் போய்விட்டது. கொடிக்கயிற்றின் இந்த முனையில் துணியை உதறினால் அந்த முனையில் காயும் சட்டை ஆடுவதுபோல.

நாசாவின் ஐகான் செயற்கைக்கோள், கீழ்க்காற்று மேல் வானத்தை எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பதற்காகவே 2019இல் அனுப்பப்பட்டது. வெடித்த சில மணி நேரத்தில் அது மணிக்கு 720 கிலோமீட்டர் வரை காற்று வீசியதை அளந்தது. காந்த நடுக்கோட்டின் மேலே, நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஆறுபோல் பாயும், நடுக்கோட்டு மின்தாரை. அன்று அது வழக்கமான உச்சத்தைவிட ஐந்து மடங்கு வீங்கியது, அப்புறம் சற்று நேரம் திசையையே மாற்றி மேற்கே பாய்ந்தது. சூரியப் புயல் வரும்போது எதிர்பார்க்கும் கூத்தை ஓர் எரிமலை நடத்திக் காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் ஐகானுடன் தொடர்பு அறுந்துபோனது. டோங்காவைப் பார்ப்பதற்காகவே உயிரோடு இருந்ததுபோல.

நம் பக்கம் அழுத்த அலை வந்தபோது இருட்டிவிட்டது, மின்தாரை படுத்துவிட்டிருக்கும். ஆனால் அந்தி நேரத்து டம்ளர் கவிழ்ந்தே இருந்தது. அன்று மாலை இந்திய வானில் எழுந்த பிளாஸ்மா குமிழிகளை இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் டோங்கா கிளப்பிய அலைகளோடு தொடர்புபடுத்தி எழுதியிருக்கிறார்கள். ஜனவரி நடுவில் யாராவது டார்ச் வெளிச்சத்தில் ரோவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் பேட்டரியைத்தான் திட்டியிருப்பார்.

1883 ஆகஸ்ட் 27இல் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோதும் இதேபோல் அழுத்த அலை பூமியைப் பலமுறை சுற்றியது. பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) நகரத்து எரிவாயுக் கிடங்கின் அழுத்தமானி துள்ளியதை வைத்துத்தான் வெடித்த நேரத்தையே கணக்கிட்டார்கள். இலங்கையில் பீரங்கிச் சத்தம் என்று நினைத்தார்கள். அன்றும் அயனி மண்டலம் குலுங்கித்தான் இருக்கும். அப்படி ஒன்று இருக்கிறது என்றே அன்று யாருக்கும் தெரியாது.

இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. கோயில் சிற்பங்களைப் பார்க்க வண்டி வண்டியாகப் போகிறோம். கொஞ்ச தூரத்தில் ஆன்டெனாக்களை நட்டு மேல்வானத்துக் காற்றையும் காந்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றி நெல்லைக்காரர்களே அதிகம் பேசி நான் கேட்டதில்லை. நானும் அந்த வழியாக நூறு முறையாவது கருவியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போயிருக்கிறேன்.

இன்றைக்கும் எந்த மாலையில் குமிழி வரும், எந்த மாலையில் வராது என்று முதல்நாளே உறுதியாகச் சொல்ல வழியில்லை. மார்ச், செப்டம்பர் வாக்கில் வாய்ப்பு அதிகம், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம், அவ்வளவுதான். நான் அந்த மாதங்களில் ஏழு மணிக்கு மேல் கருவியைப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். இளம் பையன்களிடம் காரணம் சொன்னால் சோம்பேறித்தனத்துக்கு அறிவியல் சொல்வதாக நினைக்கிறார்கள்.

போன வருடம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். எழுபது தாண்டிவிட்டது, வேலைக்கு வருவதில்லை. “அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சி, மேலதான் ஓடுது” என்று குமிழியையும் அலையையும் விளக்கினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“சின்ன வயசுல பார்த்திருக்கேன்லா” என்றார்.

தும்பாவிலிருந்து விட்ட ராக்கெட்டாம். 1963 நவம்பர் 21இல் முதலாவது ராக்கெட் அந்தி நேரத்தில் சோடியம் ஆவியை வானத்தில் கக்கியபோது கேரளத்திலும் நம் தெற்கு மாவட்டங்களிலும் பார்த்திருக்கிறார்கள். மேல்காற்றைக் கண்ணால் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. அண்ணாச்சி பார்த்தது அதையா, பிறகு விட்டவற்றில் ஒன்றையா என்று அவருக்கு நினைவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாராம்.

“செம்மஞ்சளா ஒரு கோடு தம்பி, ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி. பார்த்துட்டே நிக்கோம், கொஞ்ச நேரத்துல நெளிய ஆரம்பிச்சிட்டு.” திண்ணையில் இருந்தபடி கையை நீட்டி, விரலால் காற்றில் வரைந்து காட்டினார். ஒரு வளைவு இந்தப் பக்கம், ஒரு வளைவு அந்தப் பக்கம். “எங்கப்பா சொன்னாவ, மேல வெள்ளம் போவுதுன்னு.”